பாவு போகும் வாசல்

தெருக் குரூப்பில் பக்கத்து வீட்டு ஹேமநாத் வழக்கம்போலப் போட்டிருந்தான்: "நாளை காலை 6 மணிக்குப் பாவு. வாசலில் உள்ள வண்டிகளை எடுத்துவிடவும்." கூடவே கும்பிடுகிற கைகள் இரண்டு. தேவகி பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு நேராக வாசலுக்குப் போனாள். மெக்கானிக் கோபிநாத் அப்போதுதான் அவள் வீட்டு ஆம்னி வேனை சர்வீஸ் முடித்துக் கொண்டுவந்திருந்தான்.

"வழக்கமா காலி மனையிலதானேம்மா உடுவீங்க? நாளைக்குப் பக்கத்து வூட்ல பாவு போடறாங்களே."

"நீ வாசல்லயே உடு கோபி. நல்லா நடுத்தெருவுல. நான் பாத்துக்கறேன்."

கியரில் போடச் சொல்லி, ஹேண்ட்பிரேக்கையும் இழுக்கச் சொல்லி, சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு வருஷமாகப் பொறுத்திருந்த மனுஷி அவள். இன்னும் ஒரு ராத்திரி ஒன்றும் பெரிதில்லை.

ஆரணியில் பட்டுத் தறி வைத்திருப்பவனுக்கு வீடு மட்டும் இருந்தால் போதாது, தெருவும் வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சீவிச் சுற்றிவிட வேண்டும்; தாமதித்தால் கஞ்சி காய்ந்து இழைகள் ஒட்டிப் பாவே வீணாகிவிடும். ஹேமநாத் வீடு தெருக்கோடியில். ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மரும் சாக்கடையும். ஆகவே அவன் வீட்டுப் பாவு அவன் அப்பா காலத்திலிருந்தே தேவகியின் வாசல் வழியாகத்தான் போகும்.

அந்த அப்பா முதல் நாள் சாயங்காலமே வந்து, "நாளைக்குப் பாவுமா" என்று ஒரு வார்த்தை சொல்லி, காபி குடித்துவிட்டுத்தான் போவார். தேவகியின் கணவர் வேணுகோபால் கரண்ட் ஆபீஸ்காரர். தறியைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாவின் முனையைப் பிடிக்க ஓடிவிடுவார். முப்பது வருஷம் பிடித்தார். அறுந்த இழையை முடிச்சுப் போடக்கூடக் கற்றுக்கொண்டார். "பெரிப்பா, பெரிம்மா" என்று இந்த வீட்டிலேயே கிடந்த ஹேமநாத், அப்பா போய் வியாபாரம் கைக்கு வந்ததும் "அங்கிள், ஆன்ட்டி" என்று ஆரம்பித்தான். கூலிக்கு ஆள் வைத்தான். வந்து சொல்லும் வேலையைப் போனிடம் கொடுத்துவிட்டான்.

அதையெல்லாம் தேவகி மன்னித்திருப்பாள். மன்னிக்க முடியாதது வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், குளியலறையில் வேணுகோபால் விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அந்த உடம்பைத் தனியாளாக அவளால் தூக்க முடியவில்லை. நடுச்சுவரில் கையால் அறைந்து, "ஹேமா! ஹேமா!" என்று கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. அப்பாடா, வருகிறார்கள் என்று நினைத்தாள். தறிச் சத்தம் மறுபடியும் தொடங்கியது. கட்டிலில் கிடந்த போன் கிணுங்கியது. "ஆன்ட்டி, எனி ப்ராப்ளம்?" அதற்கும் இரண்டு கும்பிடு.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் போய்விட்டார். மாலையோடு வந்த ஹேமநாத் பத்து நிமிஷம் நின்றான், அதில் எட்டு நிமிஷம் போனைப் பார்த்தான். அழுகையைவிட ஆத்திரம்தான் அவளிடம் அதிகம் தங்கியது. தறி நின்ற அந்த ஒரு நொடியை அவள் மறக்கவே இல்லை. கேட்கவில்லை என்றால் சரி. கேட்டது, கேட்டும் நெய்தார்கள்.

காலை ஆறு மணிக்குக் கூலியாட்கள் நாலு பேர் வந்தார்கள். கட்டைவிரலை நம்பி ஹேமநாத் பாதிப் பாவை விரித்து, கஞ்சியும் தெளித்துவிட்டான். மீதிப் பாதி வேனுக்கு முன்னால் வந்து நின்றது. தேவகியின் போன் ஐந்து தடவை அடித்தது. அவள் நிதானமாக டிகாக்ஷன் இறக்கினாள்.

கடைசியில் கதவைத் தட்டியது அவன் பெண்டாட்டி பானுப்ரியா. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. துக்கத்துக்குக் கூட்டத்தோடு வந்ததைத் தவிர இந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

"அத்த, வண்டிச் சாவி..."

"அய்யோ, எங்க வச்சேன்னே தெரியலியேம்மா. உள்ள வா, தேடலாம். மொதல்ல ஒரு வாய் காபி குடி."

எங்கே மறுத்துவிடுவாளோ என்று பார்த்தாள். பானுப்ரியா செருப்பைக் கழற்றினாள். இருவரும் தேடினார்கள். டிவி மேல், அரிசி டப்பாவில், கட்டிலுக்கு அடியில். எட்டு மாதமாகக் காணாத மூக்குக்கண்ணாடி கிடைத்தது. பானுப்ரியா அதைத் துடைத்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து காபியை ஆற்றினாள். ஊர்க்கதை பேசினாள். தேவகிக்குச் சிரிப்புகூட வந்தது. தன் வீட்டில் இன்னொரு மனுஷிக் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று! வெளியே வெயில் ஏறியது. ஏறட்டும் என்று இரண்டாவது தம்ளரை நீட்டினாள்.

"சாவி உங்க இடுப்புலதான் இருக்குது, அத்த" என்றாள் பானுப்ரியா, தம்ளரைப் பார்த்தபடியே. "வந்ததுமே பாத்துட்டேன்."

தேவகியின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"அப்றம் ஏண்டி கட்டிலுக்கு அடியிலல்லாம் தேடிகினு இருந்த?"

"அன்னிக்கித் தறியில குந்தியிருந்தது நான்தான். நீங்க கூப்ட்டதும் நிறுத்திட்டு எழுந்துட்டேன். அவரு வாசப்படிய மறிச்சிகினு நின்னாரு. 'அடுத்தவங்க பேஜாரு நமக்கு வாணாம், புடவை இன்னிக்கு எறங்கணும், ஜல்தி நெய்யி, நான் மெசேஜ் போட்டுக்கறேன்'னாரு. நானும் நெய்துட்டேன் அத்த." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பாவு காயட்டும். நல்லா காயட்டும்."

இவள்மேலும் சேர்த்துத்தான் தேவகி இரண்டு வருஷம் கறுவியிருந்தாள். கோபம் போகவில்லை, ஆனால் இப்போது அதைப் பங்கு போட்டுக்கொள்ள ஓர் ஆள் எதிரே உட்கார்ந்திருந்தாள். தட்டில் இரண்டு முறுக்கு எடுத்து வைத்தாள்.

கேட்டருகே ஹேமநாத் வந்து நின்றான். சட்டை நனைந்திருந்தது.

"ஆன்ட்டி, சாவி கெடச்சிதா?"

தேவகி வாசற்படியில் வந்து நின்றாள். "எதுக்குப்பா நேர்ல வந்து சிரமப்படற? ஒரு மெசேஜ் போட்டா போதாதா?"

அவன் முகம் செத்துவிட்டது. புரிந்துகொண்டான்.

"பெரிம்மா... அது வந்து..."

"கேக்கல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நான் எப்டிக் கூப்ட்டேன்? அப்டிக் கூப்பிடு."

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். கூலியாட்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது.

"பெரிம்மா" என்றான்.

"இது சொவத்தத் தாண்டாதுப்பா."

"பெரிம்மா!" என்று கத்தினான். "பெரிம்மா!" மூன்றாவது தடவை குரல் உடைந்து, தெரு முழுக்கக் கேட்டது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேல்மாடி ஜன்னல் திறந்தது. இன்னா ஆச்சு, யாருக்கு இன்னா என்று ஏழெட்டு வீட்டு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்தில் குடியிருந்தும் முகம் பார்த்து மாதக்கணக்கான ஜனங்கள். தேவகி ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். அன்றைக்கு இதில் ஒன்று போதுமாயிருந்தது.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். விரித்த பாதிப் பாவு அதற்குள் இழையோடு இழை ஒட்டிக் கயிறாகியிருந்தது. உள்ளே பானுப்ரியா முறுக்கைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து வரவில்லை.

"பாத்தியா ஹேமா" என்றாள் தேவகி. "கூப்ட்டா இந்தத் தெருவுக்கு நல்லாவே கேக்குது."