பாகீரதிக்கு வந்த நாற்பத்தொரு இரங்கல்கள்

1.

இது திருட்டுக் கதை. அச்சகத்து மாடியில் நான் குடியிருக்கிறேன். கீழே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சுவர்ணா ஹடபத், ஒரு மாலை கிர்மிட் பொரி தின்றுகொண்டே இதைச் சொன்னாள். "எழுதித் தொலைக்காதீங்க அண்ணா. எழுதினா பேரையாவது மாத்துங்க" என்றாள். மாற்றிவிட்டேன். அவள் கேட்ட பெயருக்கு அல்ல; அதில் நடிகை வாடை அடித்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஹுப்பள்ளியில் அன்று மழை கொட்டோ கொட்டென்று…"

மழையே பெய்யவில்லை. அந்த வரியை அடித்தாயிற்று.

2.

ஈரண்ணா ஜவளியின் அச்சகம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரில். உள்ளே இரண்டு கணினிகள். ஒன்று கல்யாணப் பத்திரிகைகளை இணையத்தில் காட்டும். மற்றது இரங்கல் பக்கங்களை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் பெயரிலேயே ஓர் இணைய முகவரி. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வாசல் ஒன்றே. அங்கே காவலுக்கு ப்ராக்ஸி என்றொரு மென்பொருள். எந்தப் பெயரைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, தன் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே உள்ள கணினிக்கு அனுப்பிவைக்கும். பட்டியலில் இல்லாத பெயரா? முதல் வரியில் இருக்கும் கணினிக்கு.

முதல் வரியில் இருந்தது இரங்கல்.

(ஏன் என்று கேட்டேன். "சாவு அவசரம் அண்ணா. கல்யாணம் காத்திருக்கும்.")

பட்டியலை அடிப்பது சுவர்ணா. பாகீரதி என்ற கல்யாணப் பெண்ணின் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கும்போது ஓர் 'எச்'சை விழுங்கிவிட்டாள்.

3.

காலை பத்து மணிக்குப் பெண் வீட்டார் முந்நூறு பேருக்கு அழைப்பை அனுப்பினார்கள். திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு குத்துவிளக்கு, அதன் கீழே "பாகீரதி அவர்களின் மறைவுக்கு உங்கள் இரங்கலைப் பதிவு செய்யுங்கள்." இரங்கல் கணினியைக் குற்றம் சொல்ல முடியாது. முகவரியில் வரும் பெயரைத் தலைப்பில் போடுவதுதான் அதன் வேலை.

அரைமணி நேரத்தில் நாற்பத்தொரு பேர் பதிவு செய்துவிட்டார்கள். தப்பாக இருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் ஜனங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை அதிகம்.

"ஏ சுவர்ணா! உசுரோட இருக்கற பொண்ணைக் கொன்னுட்டியே தாயி!" என்று ஈரண்ணா ஓடிவந்தார். "அவங்கப்பன் செருப்பைக் கையில எடுத்துட்டானாம்!"

"ஒரு எழுத்துதான் சாவ்காரே. ரெண்டு நிமிஷம்."

"அந்த ரெண்டு நிமிஷம் நான் எங்க ஒளியறது?"

எழுத்தைச் சேர்த்தாள். கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. சிரித்துவிட்டுக் கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அப்பன் வரவில்லை. பாகீரதி வந்தாள்.

4.

காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் பை. அவள் பேருந்து நடத்துநர். தார்வாடு போய்த் திரும்பியிருந்தாள். வழியில் போனில் சார்ஜ் தீர்ந்துபோனதால், தான் செத்த செய்தி அவளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

"எழுதினதையெல்லாம் காட்டுங்க அக்கா."

"வேணாம் தங்கச்சி. அழிச்சிடறேன்."

"என் சாவை நான் படிக்காம வேற யாரு படிக்கறது?"

படித்தாள். சித்தி எழுதியிருந்தாள்: "வாய் ஜாஸ்தி, மனசு தங்கம்."

"செத்தும் விடமாட்டா பாருங்க" என்று பாகீரதி சிரித்தாள்.

அவளுடைய ஓட்டுநர் எழுதியிருந்தார்: "காலையில டிப்போவுல விட்டுட்டுதானே வந்தேன் மகளே. இனி யாரு விசிலுக்கு நான் பிரேக் போடுவேன்?" அன்று அவருக்கு ஓய்வு நாள்; தார்வாடுக்கு அவள் வேறு ஓட்டுநரோடு போயிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருபத்தேழாவது: "ஆழ்ந்த இரங்கல். மகாந்தேஷ் மற்றும் குடும்பத்தினர், கதக்."

மகாந்தேஷ்தான் மாப்பிள்ளை.

5.

[இங்கே மகாந்தேஷை அயோக்கியனாக்கி மூன்று பக்கம் எழுதினேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். சுவர்ணா படித்துவிட்டுத் தாளைத் தூக்கி எறிந்தாள். "அந்தப் பையன் பாவம் அண்ணா. பதினோரு தடவை போன் பண்ணியிருக்கான்." ஆக, மீசையோடு மூன்று பக்கமும் போயிற்று.]

மத்தியானம் அவனே அச்சகத்தைத் தேடி வந்தான்; பாகீரதி அங்கேதான் இருந்தாள். கதக்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கண் சிவந்திருந்தது.

"உனக்குப் போன் போகவே இல்ல பாகி."

"சார்ஜ் இல்ல. அதுக்கு?"

"அம்மாதான், மரியாதையா ரெண்டு வரி போட்டுடுன்னு…"

"அது அம்மா எழுதினது. நீங்க எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

பாகீரதி நாற்காலியை இழுத்து அவனை இரங்கல் கணினியின் முன்னால் உட்காரவைத்தாள். சுவர்ணா திரையில் வெற்றுப் பெட்டி ஒன்றைத் திறந்து கொடுத்தாள். ஒற்றை விரலால் கால்மணி நேரம் அடித்தான். நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் அழித்தான்.

பாகீரதி நின்றபடியே படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அச்செடுக்கச் சொல்லி, மடித்து டிக்கெட் பைக்குள் வைத்தாள். "வண்டிக்கு நேரமாச்சு" என்று வெளியே போனாள்.

6.

அவன் என்ன எழுதினான்? தான் பார்க்கவில்லை என்கிறாள் சுவர்ணா. நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நான்தான் பேசுகிறேன்; அவன் இல்லை. ஆகவே அந்தப் பெட்டி உங்களுக்கு:

[ ]

கல்யாணம் நடந்ததா என்பதும் நீங்கள் நிரப்புவதைப் பொறுத்தது. நடந்ததில் எனக்குத் தெரிந்தது இன்னும் கொஞ்சம்தான். கதக் போகவேண்டியவன், சாலையை ஓடிக் கடந்து, கிளம்பிக்கொண்டிருந்த தார்வாடு வண்டியில் தொற்றி ஏறினான். பாகீரதி அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"படியில நிக்காதீங்க" என்றாள். "உள்ள வாங்க."