பாலத்தடியில் ஏறுகிறவர்கள்

பஸ், தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில், தொழிலாளர் லயத்தின் வாசலுக்கே வரும். இருந்தாலும் பதுளையில் வேலை செய்கிற பெண்கள் காலையில் அங்கே ஏறுவதில்லை. தேயிலைக்குள் இறங்கிக் குறுக்குப் பாதையில் போய், கீழே பசறை ரோட்டில், பாலத்தடியில் ஏறுவார்கள். மேலே பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரேதான் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம். அங்கே கணக்குப்பிள்ளை தேவதாசன் அன்றைய வேலைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருப்பார்.

தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுத்தவர்களுக்குத்தான் லயத்தில் காம்பரா, குடியிருக்க ஓர் அறை. அப்பாவுக்கு முழங்கால் போன பிறகு யசோதினியின் பேரில்தான் அவர்கள் காம்பரா இருந்தது. சில நாள் கொழுந்தெடுப்பாள். மற்ற நாள் பதுளையில் ஒரு புடவைக் கடை. வெளியே வேலை என்று தோட்ட ஆபீசுக்குப் போனால் காம்பரா போய்விடும். கணக்குப்பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும். கண்ணில் படாதவரை கேட்க மாட்டார் என்று அவள் நம்பினாள். திரும்பும்போது இருட்டிவிடும், பெரட்டுக்களத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது மட்டும் லயத்து வாசலில் இறங்குவாள்.

ஒரு நாள் பஸ்ஸுக்குள் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெண், கைபேசியில் எதையோ தட்டியபடி வந்தாள். பஸ்ஸில் ஏறுகிறவர்களை எண்ண வந்ததாகச் சொன்னாள். பேர் றிஸ்னி என்றாள்.

"அக்கா, எங்க ஏறினீங்க?"

"பாலத்தடில."

"வீடும் அங்கதானா?"

யசோதினி அவளுடைய சப்பாத்தைப் பார்த்தாள். சேறு இல்லை. போன வருடம் வீட்டுத் திட்டத்துக்கு விவரம் கேட்டு வந்தவளும் இப்படித்தான் அக்கா என்றாள். அவள் போன கையோடு, அதே லயத்துக் கருப்பம்மாவின் மகள் டவுனில் வேலை செய்வது தோட்ட ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது.

"வீடு பசறையில."

பக்கத்தில் இருந்த ஜெசிந்தினியும், "எனக்கும் பசறதான்," என்றாள். அவள் அடுத்த காம்பரா; பதுளையில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள்.

"பசறையில இருந்து பாலத்தடிக்கு நடந்தா வாறீங்க?"

"டொக்டர் நடக்கச் சொன்னாரு," என்றாள் ஜெசிந்தினி. பஸ்ஸில் இருந்த லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். எல்லாருக்குமே அன்றைக்குப் பசறைதான் வீடு.

பிறகு ஒரு நாள் றிஸ்னி மறுபடி வந்தாள். பதுளையில் புது பஸ் நிலையம் வருகிறதாம்; அதை வைத்து எல்லாப் பாதைகளையும் மாற்றப்போகிறார்களாம். "ஆள் இல்லாத இடத்துக்கு பஸ் சுத்தாது அக்கா. மேக்கணக்குல யாருமே ஏறல்ல. அந்தச் சுத்த எடுத்துருவாங்க. நாளைக்குக் கடைசியா ஒருக்கா எண்ணுறோம்."

"பின்னேரம் எண்ணலியா? இறங்குறவங்கள?"

"காலையில மட்டும்தான் எண்ணச் சொன்னாங்க. ஏன் அக்கா, நீங்க பசறதானே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு யசோதினிக்குப் பிடிக்கவில்லை.

மேலே பஸ் வராவிட்டால் பாலத்தடியிலிருந்து இருட்டில் தேயிலைக்குள் ஏற வேண்டும். போன மாதம் அதே பாதையில் ஒரு நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. கடை வேலையை விடுவதைத் தவிர வழியிருக்காது.

"நாளைக்கு மேலயே ஏறுவோமா?" என்று அன்று திரும்பும்போது ஜெசிந்தினியிடம் கேட்டாள்.

"நீ நில்லு. நீ நின்னா நானும் நிக்கிறேன்."

ஜெசிந்தினியின் புருஷன் தோட்டத்தில் பேர் கொடுத்தவன். அவளுக்குக் காம்பரா போகாது. பிறகு எதற்கு இத்தனை நாள் நம்மோடு பாலத்தடிக்கு இறங்கினாள்? கருப்பம்மா மகளின் கதையை ஆபீசில் சொன்னது யார்? நினைக்க நினைக்க யசோதினிக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. ஜெசிந்தினியை நம்ப முடியாதென்றால் நாளைக்கு நிற்கவும் தேவையில்லை. அந்த நிம்மதியைக் கண்டுகொண்டபோதுதான் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது.

காலையில் லயத்து வாசலில் நின்றாள். றிஸ்னி நின்றாள். வேறு யாரும் இல்லை. கீழே தேயிலைக்குள் ஜெசிந்தினியின் சிவப்புக் குடை இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

தேவதாசன் களத்திலிருந்து பார்த்தார். "என்ன பிள்ள, பெரட்டு இந்தப் பக்கமா மாறிருச்சா?"

"டவுனுக்குப் போறேங்க ஐயா. வேலைக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். நேரம் பார்க்கவா, யாரையாவது கூப்பிடவா என்று தெரிவதற்குள் பஸ் குறுக்கே வந்து நின்றது.

"ஒரு ஆள்தான் அக்கா. ஒரு ஆளுக்காக பஸ்ஸ விட மாட்டாங்க," என்றபடி றிஸ்னி பின்னாலேயே ஏறினாள்.

பாலத்தடியில் வழக்கம்போல எல்லாரும் நின்றிருந்தார்கள். அவர்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே யசோதினியின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "இவங்க எல்லாரும் மேக்கணக்குதான் தங்கச்சி. எங்க லயம்."

றிஸ்னி ஏறிய தலைகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். அடுத்த வளைவில் இறங்கியவள் கைபேசியைக் காதில் வைத்தாள்.

ஜெசிந்தினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ யாரோட ஆளு?"

"தெரியாது."

"தெரியாமலா எங்க எல்லாரையும் காட்டிக் குடுத்த?"

யசோதினி ஜன்னல் பக்கம் திரும்பினாள். போன வருடமும் யாரோ ஒருத்தி இப்படித்தான், நல்லதுக்கென்று நினைத்து, கருப்பம்மா மகளின் பேரைச் சொல்லியிருப்பாள்.