பாதியில் நிறுத்த வேண்டாம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மடிக்கணினி மந்தமானதால் பிறந்த கதை இது. துப்புரவு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். 'பாதியில் நிறுத்த வேண்டாம்' என்று திரையில் ஒரு வரி வந்தது. உடனே, நான் கண்டேயிராத யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பெண்ணொருத்தி மண்ணெண்ணெய்ப் போத்தலும் கையுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். போகச் சொன்னேன், போகவில்லை.

2

முதல் தொடக்கம்: 'அது 1993. குடாநாட்டில் மின்சாரம் நின்று...' (வேண்டாம். பாடப்புத்தக வாடை.)

இரண்டாவது: 'பூரணத்தின் கண்களில் ஒரு...' (அவளே முறைக்கிறாள்.)

மூன்றாவது: பூரணத்தின் கணினிக்குள் ஒரு தாய ஆட்டம் பாதியில் நின்றது. அவளுடைய கணவர் சண்முகநாதன் தாமே எழுதிய ஆட்டம்; சோழி உருள்வதும் காய் வெட்டுப்படுவதும் திரையிலேயே நடக்கும். கொழும்புக்குப் போய்வருகிறேன் என்று, போரில் தரைப்பாதை அடைபட்டுக் கிடந்ததால் கிளாலியில் படகேறியவர், கரை சேர்ந்தாரா என்றுகூடச் செய்தி இல்லை. ஆட்டத்தில் அடுத்தது அவருடைய முறை.

அவருக்காகப் பூரணம் ஆடமாட்டாள். திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். அவ்வளவுதான்.

3

கணினி வரவர ஆமையாகிவிட்டது. அதை ஓட்டுவது ஜெனரேற்றர். சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். தாயக் கட்டம் திரையில் தெரிவதற்குள் போத்தல் காலி. மண்ணெண்ணெயோ குதிரைக்கொம்பு.

பட்டணத்தில் கணினி வகுப்பு நடத்திய இராசசிங்கம் ஒரு பிளொப்பித் தட்டோடு வந்தார்.

"உள்ளுக்கை எல்லாம் துண்டு துண்டாச் சிதறிக் கிடக்குது, அக்கா. உது எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்து அடுக்கும். பிறகு பறக்கும்."

"அவரின்ரை ஆட்டத்துக்கு ஒண்டும் வராதோ?"

"வராது. ஆனா நடுவிலை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. நிப்பாட்டினா என்ன மிஞ்சும் எண்டு எனக்கே தெரியாது."

(ஆட்டத்தை வேறு பிளொப்பியில் பிரதி எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். குளிக்கச் சவர்க்காரமே கிடைக்காத ஊரில் பிளொப்பிக்கு எங்கே போவது? கெட்டிக்கார வாசகர்களால்தான் பல கதைகள் தொடங்காமலே போகின்றன.)

4

இராசசிங்கம் அதை ஓடவிட்டுப் போன பிறகு, திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றாக எழும்பி, இடம் தேடிப் போய், இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டன. மத்தியான வெயில் யன்னலால் வந்து நிலத்தில் படுத்திருந்தது. பூரணத்துக்குக் கண் சொருகியது. கட்டங்கள் படகுகளாயின. கிளாலிக் கடலில் சிதறிப் போன படகுகளை யாரோ ஒவ்வொன்றாகக் கரைக்குக் கூட்டிவந்தார்கள். ஒன்றில் சண்முகநாதன், செருப்பைக் கையில் பிடித்தபடி, இறங்குவதற்கு ஒரு காலைத் தூக்கி... (இந்த இடத்திலேயே கதையை முடித்துவிட எனக்கு எவ்வளவு ஆசை!)

"எடி பூரணம், மிசினை நிப்பாட்டு!" அடுத்த வீட்டுச் சின்னாச்சி வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாள். "பிளேன் வருதெண்டு சனம் ஓடுது. உன்ரை இரைச்சலிலை ஒண்டும் கேக்கேல்லை!"

இரு பக்கமும் வேலி போட்ட அந்த ஒழுங்கையின் வழக்கம் அது. குண்டு போடும் பிளேன் வருகிறதென்றால் முதலில் ஜெனரேற்றர் வாய்மூட வேண்டும். சத்தம் கேட்டால்தான் எந்தப் பக்கத்தால் வருகிறது, பங்கருக்குள் ஓட நேரமிருக்கிறதா என்று தெரியும். திரையில் பாதிக் கட்டங்கள் இன்னும் சேரவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ, மாமி!"

"ஒழுங்கையிலை பிள்ளையள் நிக்குதுகளடி!"

5

முடிவு ஒன்று: அவள் நிறுத்தவில்லை. சற்று நேரத்தில்... (எழுதக் கை வரவில்லை. பூரணம் அப்படிப்பட்டவளும் இல்லை.)

முடிவு இரண்டு: பிளேன் திரும்பிப் போய்விட்டது. கட்டங்கள் எல்லாம்... (பொய்.)

நிறுத்தினாள். திரை கறுத்தது. "குறை நினையாதேங்கோ" என்று அதற்குச் சொல்லிவிட்டுப் பங்கருக்கு ஓடினாள். குண்டுகள் தோட்டவெளியில் விழுந்தன. ஒழுங்கையில் எல்லாரும் தப்பினார்கள்.

6

ஆட்டம் மிஞ்சியதா? அதைத்தான் இராசசிங்கமும் கேட்டார்.

"போட்டுப் பாப்பமோ, அக்கா?"

"வேண்டாம்."

"என்ன நடந்ததெண்டு தெரிய வேண்டாமோ?"

"பாக்காமல் விட்டால் அது உள்ளுக்கை இருக்கும், தம்பி."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எழுதுகிற எனக்காவது முடிவு தெரிய வேண்டாமா? பிறகு அழுகை வந்தது. ஜெனரேற்றரில் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் இருக்கிறது. கயிற்றை இழுக்க என்னால் முடியவில்லை. நீங்கள் இழுப்பதென்றால் இழுங்கள், வாசகரே. ஆனால் பூரணம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இழுங்கள்.