கடைவாய்க்காலின் கைகள்

பங்குனி பிறந்து பத்து நாள் கழிந்திருந்தது. மாரிக் காலபோகத்துக் கதிரெல்லாம் களம் கண்டு வீடு சேர்ந்துவிட, வன்னி வயல்கள் வெறுந்தாள் தாங்கி வான் நோக்கிக் கிடந்தன. காலையிலேயே வெயில் முற்றியது. காட்டோரத்துப் பாலை மரங்களில் ஓர் இலையும் அசையவில்லை. நாவலடிக்குளத்தின் நீர் நாளுக்கொரு விரல் பின்வாங்க, அது விட்டுச்சென்ற சேற்றில் கொக்குகள் வரம் கிடையாத தவசிகளைப் போல ஒற்றைக் காலில் நின்றன. எஞ்சிய அந்த நீர் கோடைச் சிறுபோகத்துக்கு யாருக்கென்று தீர்மானிக்கும் கூட்டம் அன்று.

கனகலிங்கத்தார் திருநீறு தரித்துப் புறப்பட்டபோது, கொட்டிலில் இருந்த ஈரச் சாக்குகளை மனைவி இரஞ்சிதம் தொட்டுப் பார்த்தாள். உள்ளே சூடு ஏறியிருந்தது. மூன்று ஏக்கருக்கான ஆறு புசல் விதைநெல் முளைவிடத் தொடங்கியிருந்தது.

"கூட்டம் முடியட்டும், பிறகு ஊறப்போடுங்கோ எண்டு சொன்னனான். கேட்டீங்களே?"

"வெள்ளிக்கிழமை விதைக்க நல்ல நாளப்பா. தண்ணி குறைஞ்ச வருசம் எல்லாரும் மூண்டிலொரு பங்குதான் விதைக்கிறது. எங்கட கடைவாய்க்காலை மறந்த வருசம் இருக்கோ?"

"அது உங்கட அப்பருடைய காலம்," என்றாள் அவள். முளைத்த நெல்லை மீண்டும் மூட்டையில் கட்டி வைக்க முடியாது என்பதை இருவரும் அறிவர்.

குளக்கட்டில் மருத மரத்தின் கீழ் பிள்ளையார். அவர் முன்னால் அதிகாரிக்கு ஒரு மேசை. மேல்வாய்க்கால்காரர் ஐம்பத்தெட்டுப் பேரும் நேரத்தோடு வந்து அமர்ந்திருந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் மேலே காடு வெட்டிக் குடியமர்த்தப்பட்ட சிங்களக் குடும்பங்கள் அவை. கடைவாய்க்காலில் காணி நாற்பத்தாறு, காணிக்கொரு கை. வந்தவர்களோ இருபத்தொன்பது பேர். யாழ்ப்பாணத்திலிருந்து கனகலிங்கத்தாரின் தந்தையோடு வந்து காணி பெற்றவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் கடல் கடந்துவிட்டார்கள். கனகலிங்கத்தாரின் மகன் கிருசாந்தன் பெயரில் இருந்த ஏக்கருக்கு உரிய கை ரொறன்ரோவில் பாரவண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. வந்திருந்தவர்களில் அரைவாசிக்கு மேல் வீரபாகுவின் ஆட்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வந்த மலையகத்தார்.

"என்ன வீரபாகு, உன்ர ஆக்கள் எல்லாரும் வந்திட்டினமோ?" என்று ஆவலோடு கேட்டார் கனகலிங்கத்தார்.

வீரபாகு சிரித்தான். "வந்துட்டாங்கய்யா. நான் சின்னப் பையனா இருந்தப்ப இதே மரத்தடியில ஒரு கூட்டம். எங்களுக்குத் தண்ணி முறை குடுக்கக் கூடாதுன்னு மொதக் கையை நீங்கதான் தூக்கினீங்க. ரொம்ப உயரமாத் தூக்கினீங்க. இன்னைக்கும் அப்படியே தூக்குங்க."

கனகலிங்கத்தாரின் முகம் கறுத்தது.

அதிகாரி சிங்களத்தில் பேசினார். விவசாயிகளுக்கான கமநல அலுவலகத்தில் வேலை செய்யும் சுகந்தினி எழுந்து தமிழில் சொன்னாள். அவள் வீரபாகுவின் மகள். "குளத்தில ஏழடித் தண்ணிதான் நிக்குது. பழைய மாதிரி எல்லாரும் மூண்டிலொரு பங்கு விதைக்கிறது, ஒண்டு. மேல்வாய்க்கால் மட்டும் முழுசா விதைக்கிறது, ரெண்டாவது. பழைய முறைக்கு விருப்பமானவை கையைத் தூக்குங்கோ."

கனகலிங்கத்தார் கை தூக்கினார், தோள் வலிக்கும்வரை. பக்கத்தில் வீரபாகுவின் கை, தழும்பேறியது, அவர் கையை உரசி நின்றது. சுகந்தினி எண்ணினாள். இருபத்தொன்பது. வராத பதினேழு கைகளையும் அவர் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். அப்போதும் போதவில்லை. ஊர் முழுதும் திரும்பி வந்து நின்றாலும் போதாது என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்கு விளங்கியது.

மற்றப் பக்கம் கைகள் எழுந்தன. எண்ணவே தேவை இருக்கவில்லை. ஆயினும் எண்ணினாள், எண்ணித்தான் ஆகவேண்டும். "கடைவாய்க்காலுக்கு இந்தப் போகம் தண்ணி இல்லை," என்று சொல்லும்போது அவள் தன் தகப்பனைப் பார்க்கவில்லை.

"பரவாயில்லம்மா," என்றான் வீரபாகு உரக்க. "நான் கூலிக்குப் போயிடுவேன். நமக்குப் பழக்கந்தானே."

கூட்டம் கலைந்தது. மேல்வாய்க்காலின் குணதாச என்ற முதியவர் மட்டும் தயங்கி நின்றார். பெரிய அணையொன்றின் நீருக்குள் ஊரைப் பறிகொடுத்து வந்தவர். "ஐயா, கோவம் வேணாம்," என்றார், தெரிந்த தமிழில். "எங்களுக்கும் புள்ள இருக்கு." பிறகு பிள்ளையாரிடம் போய், தம் ஊர் வழக்கப்படி ஒரு கொப்பை முறித்து வைத்துக் கும்பிட்டார்.

கனகலிங்கத்தார் அவரை வெறுக்க முயன்றார். வெறுப்பும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. அறிந்த பதிகங்களில் ஒன்றுகூட நாவில் எழவில்லை. காலையில் மடியில் முடிந்து வந்த முளைநெல் ஒரு பிடி மட்டும் வயிற்றில் சில்லென்று இருந்தது. விதைக்குமுன் முதற்பிடி பிள்ளையாருக்கு என்பது தந்தை வைத்த முறை. விதைக்க வயல் இல்லாதபோது என்ன செய்வதென்று அவர் சொல்லிவைக்கவில்லை.

"சுகந்தினி," என்று கூப்பிட்டார். "எங்கட கொட்டிலிலை ஆறு புசல் முளைச்சுப்போய்க் கிடக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ளை விதைக்காட்டி அழுகிப்போம். வந்து ஏத்திக்கொண்டு போகச் சொல்லு, பிள்ளையாரடியிலை நிக்கிற அந்த மனுசனை."

"ஐயா! அவங்களுக்கா?" வீரபாகுவின் குரல் உடைந்தது. "மாட்டுக்குப் போடுங்களேன்!"

"ஏலாதடா. முளை வந்திட்டுது."

வீரபாகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை உருட்டிச் சென்றான். சுகந்தினி சிங்களத்தில் சொல்ல, குணதாச முதலில் நம்பவில்லை. பின்பு கூப்பிய கையோடு அப்படியே நின்றார். கனகலிங்கத்தார் அதை நின்று பார்க்கவில்லை.

குனிந்து மடியை அவிழ்த்தார். வெள்ளை முளை நீட்டியிருந்த நெல்லை, குணதாச வைத்த கொப்பின் அருகே, பிள்ளையார்க் கல்லின் காலடியில் ஒரு மணியும் சிந்தாமல் வைத்தார். குளத்து நீரை உள்ளங்கையில் ஏந்தி வந்து அதன்மேல் தெளித்தார்.

"எந்த வயலிலை விழுந்தாலும் விளைஞ்சு வா, என்ர நெல்லுத் தாயே," என்றார்.