மயிலின் கால் நின்ற மூலை

1.
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: களம்பூர் பஸ்ஸில் முத்துவேல் எனக்கு இதை நாலே வரியில் சொன்னார். பாக்கிப் புளுகு முழுக்க என்னுடையது.

ஆரணியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மத்தியானம்

(வேண்டாம். ஆரணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்தவள் ஸ்வர்ணலதா ஒருத்திதான்.)

2.
ஸ்வர்ணலதா பட்டுப்புடவைக்கு கிராஃப் தாளில் டிசைன் போடுபவள். அவள் புள்ளி வைத்த கட்டத்தைப் பார்த்து முத்துவேல் அட்டையில் ஓட்டை அடிப்பார். அட்டை சொன்னபடி தறி நெய்யும். போன வாரம் அவள் கணக்குப் பிசகி நாலாயிரம் அட்டை குப்பைக்குப் போனது. (சரி, நானூறு.) "இன்னொரு வாட்டி தப்பாச்சின்னா டிசைனை விட்டுட்டு நூல் சுத்தப் போயிடு" என்று முதலாளி அம்மணி சொல்லியாகிவிட்டது.

இன்றைக்கு மயில். சின்னப் படம் முழுசாக இருக்கிறது. அதையே பெரிதாக்கிக் கல்யாண வீட்டார் கொடுத்த பெரிய படத்தில் காபி கொட்டி, காலும் கண்ணும்தான் மிச்சம். எத்தனை மடங்கு என்று தெரிந்தால் மீதி மயிலைப் போட்டுவிடலாம்.

சின்ன மயிலின் கண், ஓரத்திலிருந்து ஆறு கட்டம் தள்ளி, ஆறு கட்டம் மேலே: (6, 6). பெரிய மயிலுக்கு (12, 12).

"ரெண்டு மடங்குண்ணா."

"அடிச்சிடட்டா? அம்மணிக்கா போன் மேல போன் போட்டுகினே இருக்காங்க."

3.
அப்போது ஸ்வர்ணலதாவின் உள்ளங்கை

(வேர்க்கவில்லை. எல்லாக் கதையிலும் வேர்த்தாகிவிட்டது.)

அவள் பார்வை மயிலின் காலில் விழுந்தது. சின்னதில் (3, 3). பெரியதிலும் அதே (3, 3). கரையும் முந்தானையும் சேரும் மூலை அது. இரண்டு மடங்கென்றால் கால் (6, 6)க்கு ஓடியிருக்க வேண்டுமே!

தறியோடு பழகியவர்கள் எதையும் ஓரத்து முதல் இழையிலிருந்துதான் எண்ணுவார்கள். அவளும் எண்ணிவிட்டாள். ஆனால் மயில் வளர்ந்தது நகராத காலிலிருந்து. அங்கிருந்து எண்ணினால் சின்னதில் கண் மூன்று கட்டம் தள்ளி, மூன்று மேலே. பெரியதில் ஒன்பது தள்ளி, ஒன்பது மேலே.

"அண்ணா, நிறுத்துங்க! மூணு மடங்கு!"

"இன்னாம்மா பேஜாரு, இப்பதான ரெண்டுன்ன? சரி, கொண்டையிலேர்ந்து அடிக்கணும். எந்தக் கட்டம்? ஜல்தி!"

4.
ஒரு முடிவு: அம்மணி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு (அம்மணி இதுவரை யாரையும் கட்டிக்கொண்டதில்லை.)

இன்னொன்று: கொண்டை தலையை விட்டுப் பறந்துபோக, கல்யாண மண்டபமே சிரிக்க, ஸ்வர்ணலதா நூல் சுற்ற

முத்துவேல் எந்தக் கட்டத்தில் அடித்தார் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். சின்ன மயிலின் கொண்டை (5, 7). ஓட்டை அடிக்கும் மிஷினின் மிதியில் முத்துவேலின் கால் இருக்கிறது. ஸ்வர்ணலதா தாளிலிருந்து நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள்.

ஓரத்திலிருந்து எண்ணிவிடாதீர்கள். சொல்லுங்கள்.