பத்துக் கிலோவுக்குள்

பூமித்தாயை அழிவிலிருந்து மீட்கும் பொறுப்பைக் காலம் தமிழர்களின் தோளில் ஏற்றியிருக்கிறது என்றும், அந்தப் பொறுப்பை அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு வென்ட்வேர்த்வில் மண்டபத்தில் ஏற்றுக்கொள்வார்கள் என்றும் அழைப்பிதழ் சொன்னது. பத்து மணிக்கு மண்டபத்தில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் மைக் செட்காரர். இன்னொருவர் பக்கத்து அறை யோகா வகுப்பைத் தேடி வழிதவறி வந்தவர். மூன்றாமவர் தமிழ்ச் சங்கத் தலைவர் கல்யாணசுந்தரம். நான்காவது ஆள் சிவகௌரி.

சிவகௌரிக்கு வெஸ்ட்மீட்டில் ஒரு மருத்துவமனைக் குசினியில் வேலை. எந்த வார்டுக்கு எத்தனை தட்டு, தட்டுக்கு எத்தனை கிராம் என்று கணக்கிட்டு அனுப்புவது, தொடாமல் திரும்பி வரும் தட்டுகளை எடை போட்டுக் கையெழுத்து வைத்துக் கொட்டுவது. பதினெட்டு வருடமாக மனிதர்கள் எவ்வளவு சாப்பிடுவார்கள், எவ்வளவு சாப்பிடுவோம் என்று நினைப்பார்கள் என்ற இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அவள் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்த சோற்றைக் கொட்டுகிற நேரத்தில் அவள் யாருடனும் பேசமாட்டாள். செத்த வீட்டில் நிற்பதுபோல நிற்பாள்.

இந்த மாநாட்டில் அவளுக்கு ஒரு காரியம் இருந்தது. அவள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, பதினான்கு பிள்ளைகளோடு, பொருளாளர் தேவராஜா வீட்டு கராஜில் நடந்துகொண்டிருந்தது. தேவராஜாவின் மகன் அந்தக் கராஜை உடைத்து வாடகை அறையாக்கப் போகிறான். ஜூன் பிறந்தால் வகுப்புக்கு இடமில்லை. நகரசபை ஒரு வழி சொன்னது. ‘குப்பையில்லா நிகழ்வு’ ஒன்றை நடத்திக் காட்டும் சங்கத்துக்கு ஒரு வருடத்துக்குச் சனிக்கிழமைகளில் இதே மண்டபம் இலவசம். நிகழ்வு முடிந்ததும் சபையிலிருந்து ஓர் அலுவலர் வருவார், தொட்டிகளை நிறுப்பார். எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

கல்யாணசுந்தரத்துக்கு அது போதுமாக இருந்தது. அவர் பரமட்டாவில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு நிலைபேறான வளர்ச்சி பற்றி அறிக்கை எழுதிக் கொடுப்பவர். எழுதிய அறிக்கையைப் பளபளப்பான தாளில் நானூறு பிரதி அச்சிட்டு, மரங்களைக் காப்பாற்றுங்கள் என்ற வரியோடு முடிப்பவர். “மாநாடே வச்சிருவோம்” என்றார். “நிலைபேறான வளர்ச்சியும் இயற்கை வளங்களின் பொறுப்பான பயன்பாடும். பிளாஸ்டிக் உள்ள வரக் கூடாது. ஒரு பருக்கை சோறு வீணாகக் கூடாது.”

செயற்குழுவில் சாப்பாட்டுக் கணக்கைச் சிவகௌரியிடம் விட்டார்கள். பெயர் பதிந்தவர்கள் நூற்று அறுபது பேர். இலவச நிகழ்ச்சிக்குப் பதிகிறவர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

“நூற்றி இருபது தட்டுச் சமைச்சால் காணும்” என்றாள்.

தேவராஜா தொண்டையைச் செருமினார். “பிள்ளை, சட்டி அடி தெரிஞ்சுதெண்டால் ஆர் மேடையில ஏறிச் சோறு முடிஞ்சுதெண்டு சொல்லுறது? நீ சொல்லுவியோ?”

“அண்ணை, நூறு பேர்தான் வருவினம். இருபது கூடத்தான் சொல்லியிருக்கிறன்.”

“நூத்தி இருபதுதான்” என்று கல்யாணசுந்தரம் மேசையைத் தட்டினார். “உணவை வீணாக்குறது பூமிக்குச் செய்யுற துரோகம். தீர்மானமாவே போட்டுக்குங்க.” போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பு இல்லாத தீர்மானத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று சிவகௌரிக்கு அப்போது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு மாநாடு தொடங்கியது. பன்னிரண்டு மணிக்குச் சமையல்காரர் ரஹ்மானின் வேன் பின்வாசலில் வந்து நின்றது. பிரியாணி, சைவச் சாப்பாடு இரண்டுமே அவர்தான். சிவகௌரி நான்கு பெரிய பாத்திரங்களை எதிர்பார்த்திருந்தாள். ஐந்தாவது இறங்கியபோது விரல் மடித்து மறுபடி எண்ணினாள். ஒன்பதாவது இறங்கியபோது வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“பாய், இது வேற ஆற்றையோ ஓடர். மாறிக் கொண்டந்திட்டியள்.”

“உங்க ஆர்டர்தான் தங்கச்சி.”

“நான் சொன்னது நூற்றி இருபதெல்லோ?”

“நீங்க சொன்னது நூத்தி இருபது” என்று ரஹ்மான் ஒப்புக்கொண்டார். “வியாழக்கிழமை தேவராஜா அண்ணன் கூப்பிட்டாரு. பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக் கணக்குத்தான் தெரியும், விருந்துக் கணக்குத் தெரியாது, முப்பது சேர்த்துக்கன்னாரு. சாயந்திரம் வைதேகி அம்மா கூப்பிட்டாங்க.”

“தலைவற்ற மனுசி?”

“தலைவர் சம்சாரம்தான். சாருக்குத் தெரிய வேணாம், நாப்பது கூட்டிக்கங்கன்னாங்க. வெள்ளிக்கிழமை சாரு.”

“எந்தச் சார்?”

ரஹ்மான் மேடைப் பக்கம் பார்த்தார். அங்கே கல்யாணசுந்தரம் கண்ணை மூடி, ஒரு கிலோ அரிசி விளைய ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது என்பதைச் சபையோர் உள்வாங்கிக்கொள்ள அவகாசம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அம்பது. வைதேகிக்குத் தெரிய வேணாம்னாரு.”

சிவகௌரி மனதுக்குள் கூட்டினாள். “இருநூற்றி நாற்பது. பாய், ஒன்பது சட்டிக்கு அது காணாதே.”

“என் பங்குக்கு ஒரு முப்பது போட்டேன்.” ரஹ்மான் தோள் துண்டால் நெற்றியைத் துடைத்தார். “ஆளாளுக்குக் கூட்டுறாங்களே, உண்மையிலேயே பெரிய கூட்டம்போலன்னு நெனச்சேன். ரஹ்மான் போட்ட சாப்பாடு பத்தலன்னு ஒரு சொல்லு வந்துட்டா, அப்புறம் நான் பரமட்டா பக்கம் தலை காட்ட முடியுமா?”

அவரைக் குறை சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. ஆற்றையும் மண்ணையும் பற்றிப் பேச வந்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் உண்மையில் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். பந்தியில் கடைசி ஆளுக்குச் சோறு இல்லை என்று சொல்ல நேர்ந்துவிடுமோ என்ற அந்தப் பயத்துக்கு முன்னால் வறட்சி, வெள்ளம், உருகும் பனிமலை எல்லாம் சின்ன விஷயம். தான் கூட நூறு வரும் என்று நினைத்து நூற்றிருபது சொன்னவள்தானே என்பது அவளுக்கு உறைத்தது.

மாநாட்டுக்கு வந்தவர்கள் தொண்ணூற்று நான்கு பேர். இதில் யோகாவிலிருந்து மணம் பிடித்து வந்த ஆறு பேரும் அடக்கம்.

ஒன்றே முக்காலுக்கு எல்லோரும் கை கழுவியாயிற்று. ஐந்து பாத்திரங்களை யாரும் திறக்கவே இல்லை. சபை அலுவலர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சிவகௌரி ரஹ்மானைப் பார்த்தாள்.

“திருப்பி எடுத்துட்டுப் போக முடியாது தங்கச்சி. வெளிய வந்த சோறு. சட்டம் என்னைவிட உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள்தான் அதைச் சொல்லிக் கொடுக்கிறவள். அன்னதானம் வாங்கும் இரண்டு இடங்களுக்குப் போன் செய்து பார்த்தாள். ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கவில்லை. மற்றதில் எத்தனை மணிக்குச் சமைத்தது, எந்தச் சூட்டில் வைத்தது என்று கேட்டார்கள், உண்மையைச் சொன்னாள், மன்னிக்கச் சொன்னார்கள்.

குசினியில் அவசரச் செயற்குழு கூடியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரஹ்மான் அத்தனை பேரின் ரகசியத்தையும் வைத்துக்கொண்டு மூலையில் கரண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

“கூட்டம் ஏமாத்திருச்சு” என்றார் கல்யாணசுந்தரம். “நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது. பரவாயில்ல. கௌரிசங்கர், ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு ஓடு. டேக்அவே டப்பா இருநூறு.”

கௌரிசங்கர் கணினிக்காரர், அன்றைய தொகுப்பாளர். அவர் நெளிந்தார். “சார், பிளாஸ்டிக் கூடாதுன்னு அழைப்பிதழ்லயே போட்டிருக்கோம்.”

“உள்ள வரக் கூடாதுன்னுதான்யா போட்டிருக்கோம். வெளிய போறதப் பத்தி என்ன போட்டிருக்கு?”

டப்பாக்கள் வந்தன. தலைவர் மறுபடி மேடையேறினார். ஒருவர் தேவைக்கு மிஞ்சியது இன்னொருவர் வளமாக மாறுவதற்கு வட்டப் பொருளாதாரம் என்று பெயர் என்றும், அந்தப் பொருளாதாரம் இப்போது வாசலில் பிரியாணி, சாம்பார் சாதம் என்ற இரண்டு வகைகளில் கிடைக்கிறது என்றும், தலைக்கு இரண்டு டப்பாவாவது எடுக்காமல் போகிறவர் அடுத்த தலைமுறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் அறிவித்தார். மைக் செட்காரர் ஐந்து டப்பாவோடு கதவை நெருங்கினார். அவருக்கு ஆறாவது கிடைத்தது.

வாசலில் வைதேகி நின்றாள். அவளைத் தாண்டிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போக வேறு பாதை இல்லை.

“அக்கா, நாங்க ரெண்டு பேரும் டயட்” என்றது ஓர் இளம் ஜோடி.

“டயட் உங்களுக்கு. இது பூமிக்கு. பிடி.”

“பிரிட்ஜ்ல இடமே இல்லக்கா.”

“பெரிசா வாங்கிக்க.”

இரண்டரைக்குச் சபைப் பெண் தராசோடு வந்தாள். தொட்டிகளில் ஆரஞ்சுத் தோல், கை துடைத்த தாள், ஒரு குழந்தை பாதி கடித்த வாழைப்பழம். இரண்டு கிலோ எழுநூறு கிராம். அவள் இரண்டு முறை நிறுத்தாள். இந்த வேலைக்கு வந்த நாலு வருடத்தில் சாப்பாடு போட்ட ஒரு நிகழ்வில் இப்படிப் பார்த்ததில்லை என்றாள். பேனரின் கீழே எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். பிறகு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நேராகச் சிவகௌரியிடம் வந்தாள். சாப்பாட்டுக்குப் பொறுப்பு நீங்கள்தானாமே, எப்படிச் சாதித்தீர்கள், மற்றச் சங்கங்களுக்கும் சொல்லலாமே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கண்களில் கள்ளமே இல்லை.

குசினிக் கதவு சிவகௌரிக்குப் பின்னால் இருந்தது. அதன் பின்னே, யாரும் எடுக்காத சோற்றை ரஹ்மான் சட்டியிலிருந்து மாற்றி வைத்த இரண்டு பெரிய அலுமினியத் தட்டங்கள், நிரம்ப. கதவைத் திறந்து காட்டினால் போதும். தேவராஜா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கராஜின் சீமெந்துத் தரையில், குளிருக்கு ஜம்பருக்கு மேல் ஜம்பர் போட்டு, விரல் விறைக்க ‘அ’ எழுதும் பிள்ளைகள் அவள் கண்ணுக்குள் வந்தார்கள்.

“எங்கள் ஆட்கள் சாப்பாட்டை எறியமாட்டார்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பெண் அதை ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டாள். விதிப்படி எந்த அன்பளிப்பும் வாங்கக் கூடாது என்று அவள் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், வைதேகி அவளுடைய காரின் முன்சீட்டில் இரண்டு டப்பாக்களை வைத்து அவற்றுக்கு பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

மண்டபத்தைப் பூட்டும்போது தேவராஜா அந்த இரண்டு தட்டங்களையும் தூக்கிச் சிவகௌரியின் கார் டிக்கியில் வைத்தார்.

“எனக்கேன் அண்ணை? வீட்டில நான் ஒருத்தி.”

“பின்ன ஆர் கொண்டு போறது? என்ர வீட்டில ஏற்கனவே எட்டு டப்பா. கோவிக்காதை பிள்ளை. மண்டபம் கிடைச்சிட்டுதெல்லே.”

திங்கட்கிழமை பிற்பகலிலேயே மின்னஞ்சல் வந்தது. ஜூன் முதல் சனிக்கிழமையிலிருந்து மண்டபம் வகுப்புக்கு. சபையின் செய்தி மடலில் சங்கத்தின் படமும், கீழே அவள் சொன்ன வாக்கியமும் வருமாம். கல்யாணசுந்தரம் குழுவில் மூன்று கை கூப்பும் படங்களோடு அதைப் பகிர்ந்தார். பெற்றோர் பதினோரு பேர் உடனே நன்றி எழுதினார்கள். சிவகௌரி ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தாள். உண்மையான சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை.

தட்டத்துச் சோற்றில் நான்கு டப்பா வைத்ததுமே அவளுடைய உறைபெட்டி நிரம்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை, குப்பை லொறி வருவதற்கு முன், அவள் குளியலறைத் தராசை வாசலுக்குக் கொண்டுவந்து பைகளை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தாள். வேலைப் பழக்கம்.

சிவப்பு மூடித் தொட்டிக்குள் அவள் போட்ட சோறு பதினொரு கிலோ முந்நூறு கிராம்.