குளித்துவிட்டுக் குளிக்க வரவும்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு ஊருக்கு என்னென்னவோ வந்தது. கச்சிராயபாளையம் போகிற சாலையில் கொளஞ்சியப்பனின் நீச்சல் குளமும் வந்தது. மனுஷர் கரும்புக் கொல்லையில் ஒரு மூலையை ஒதுக்கி, பள்ளம் தோண்டி, நீலக் கல் பதித்து, போர்வெல் தண்ணீரை நிரப்பி, சுற்றிலும் தகரம் அடித்துவிட்டார். கோடை விடுமுறையில் ஊரே அங்கேதான் கிடந்தது. ஊர் என்றால் ஆண்களும் பிள்ளைகளும். பெண்கள் தகரத்துக்கு வெளியே நின்று, போதும் ஏறி வாடா என்று கத்துகிற வேலையைப் பார்த்தார்கள்.

இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தது சாமியம்மாளுக்குத்தான். குளத்தைச் சுற்றிக் கூட்டிக் கழுவி, வலையால் இலை தழை அள்ளி, குளோரின் மருந்து கலக்குகிற வேலை அவளுடையது. கல்வராயன் மலையில் பிறந்தவள். நடக்கப் பழகிய கையோடு ஓடையில் நீந்தவும் பழகியவள். கீழ்நாட்டில் வாக்கப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, ஒரு நாள்கூட நீந்தவில்லை. கிணறு இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மருமகள் கிணற்றில் குதித்தால் ஊர் அதை நீச்சல் என்றா சொல்லும்?

வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு விடச் சொல்லி அவள் கொளஞ்சியப்பனை மூன்று மாதம் அரித்தெடுத்தாள். கடைசியில் தொல்லை தாங்காமல், ஆண்கள் கூட்டம் குறைவாக இருக்கிற வெள்ளிக்கிழமை காலையைக் கொடுத்தார். வாசல் பலகையில் மற்றதெல்லாம் பெயிண்டில் இருக்க, 'வெள்ளி 8 முதல் 11 வரை பெண்கள்' என்பதை மட்டும் சாக்பீஸால் எழுதினார். வேண்டாம் என்றால் துடைத்துவிடலாம் அல்லவா?

முதல் வெள்ளி பன்னிரண்டு பேர். மூன்றாவது வெள்ளி நாற்பது பேர். சுடிதாரிலும், வீட்டுக்காரரின் பழைய பனியனிலும், மகனின் கால்சட்டையிலும் வந்து இறங்கினார்கள். முட்டி நனைந்ததற்கே கூச்சல் போட்டார்கள். சாமியம்மாள் ஒவ்வொருத்தியின் மோவாயையும் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கச் சொன்னாள். அவர்கள் சிரிப்பு பஸ் போகிற சாலைவரை கேட்டது. அவளுக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் வேறு எதிலும் இருந்ததில்லை, கல்யாணம் உட்பட.

நாலாவது வெள்ளி வந்தது வினை. கரையேறியவர்கள் எல்லோருக்கும் கண் கோவைப்பழமாய்ச் சிவந்து, எரிந்து, நீர் வடிந்தது. நாட்டார்மங்கலத் தெருவில் ஒருத்திக்கு மெட்ராஸ் ஐ என்றார்கள். சாயந்தரத்துக்குள் அது ஒன்பது பேரானது. ஞாயிற்றுக்கிழமை ஆண்களுக்கும் கண் சிவக்கத்தான் செய்தது. ஆண்கள் கண் சிவந்தால் வெயில் என்றார்கள், பெண்கள் கண் சிவந்தால் குளம் என்றார்கள்.

கொளஞ்சியப்பன் பயந்துபோனார். மருந்து ஜாஸ்தி என்று தானாகவே முடிவு கட்டி, பாதியாகக் குறைக்கச் சொன்னார். அடுத்த வெள்ளி எரிச்சல் இன்னும் கூடியது. குளோரின் நாற்றமோ வாசலைத் தாண்டி மூக்கைத் துளைத்தது. அவர் சாமியம்மாளைக் கூப்பிட்டார்.

"வர்ற வெள்ளிதான் கடசி. ஒரே ஒரு பொம்பளைக்கு கண்ணு செவந்தாலும் சரி, பலகைய தொடச்சிடுவேன். அப்பறம் என்னாண்ட வந்து நிக்காத."

சாமியம்மாள் வலையை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை குளத்துக்கு விடுமுறை. அன்று காலையில் போனபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. ஞாயிறு சாயந்தரம் பாதித் தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்சி, அவள் கையாலேயே மருந்து கலந்திருந்தாள். பழக்கதோஷத்தில் முழு அளவையே போட்டுவிட்டாள். ஆனால் நாற்றம் துளியும் இல்லை. சுற்றிலும் பார்த்தாள், ஆளில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, தலையை முக்கிக் கண்ணைத் திறந்தாள். அடியில் நீலக் கல் பளிச்சென்று தெரிந்தது. எரியவே இல்லை.

மருந்து அதே மருந்து. தண்ணீர் அதே தண்ணீர். அப்புறம் வெள்ளிக்கிழமை கூடுதலாக வருவது என்ன? பெண்கள். பெண்கள் மேல் என்ன இருக்கிறது? ஈரச் சேலையோடு படியில் உட்கார்ந்து யோசித்தவள், தன் தலையைத் தானே தட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆயிற்றே!

வெள்ளியென்றால் எண்ணெய்க் குளியல். விடிந்ததும் உச்சியில் நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்து, முகத்தில் மஞ்சள் பூசி, அந்தக் கோலத்திலேயே சமைத்து, துவைத்து, வேர்த்து விறுவிறுத்து, எப்படியும் குளிக்கத்தானே போகிறோம் என்று நாற்பது பேரும் நேராகக் குளத்தில் வந்து விழுந்தார்கள். ஒருத்தி விடாமல். சாமியம்மாள் உட்பட.

இருந்தாலும் சும்மா சொன்னால் கொளஞ்சியப்பன் நம்புகிற ஆள் இல்லை. இரண்டு வாளியில் குளத்துத் தண்ணீரை மொண்டு வைத்தாள். ஒன்றைச் சும்மா விட்டாள். மற்றதில், கரும்பில் காய்ந்த சோகை உரித்துவிட்டு வந்து அவர் கழற்றிப் போட்டிருந்த பனியனை முக்கி ஊறவைத்தாள். மத்தியானம் அவரைக் கூட்டிவந்து மோந்து பார்க்கச் சொன்னாள். முதல் வாளியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் முகத்தை வைத்தவர் சட்டென்று பின்வாங்கினார். வாளிக்குள் என்ன போட்டாய் என்று கேட்டார். அவள் பனியனைப் பிழிந்து காட்டினாள். அவர் முகத்தைக் கரும்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மருந்து கொண்டுவந்து போடுகிற கடலூர் தனசேகரனுக்கு போன் போட்டார்கள்.

"அது மருந்து நாத்தம் இல்லண்ணா," என்றார் தனசேகரன். "வேர்வ, ஒடம்பு அழுக்கு, புள்ளைங்க உள்ளாறயே வுட்டுடற ஒண்ணுக்கு, இதெல்லாம் மருந்தோட சேந்தா வர்ற நாத்தம். கண்ண எரிக்கறதும் அதான். எண்ண வேற இருக்கற மருந்தத் தின்னுடும். நீங்க மருந்த கம்மி பண்ணா இன்னும் மோசமாத்தான் ஆவும். அளவா போடுங்க. ஆளுங்கள கழுவிட்டு எறக்குங்க."

மருந்து அளவுக்கு ஒத்துக்கொண்டார் கொளஞ்சியப்பன். நிபந்தனையை மட்டும் விடவில்லை. ஒரு கண் சிவந்தாலும் பலகை துடைக்கப்படும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே சாமியம்மாள் வாசல் குழாயடியில் ஒரு குண்டான் சீயக்காயும் நாலு சோப்புமாக உட்கார்ந்துவிட்டாள். முதலில் கழிப்பறைக்குப் போய்வா, அப்புறம் சோப்பு, அப்புறம் எண்ணெய் போகத் தலைக்குச் சீயக்காய், அப்புறம்தான் குளம். வந்தவர்கள் திகைத்தார்கள். குளிக்க வருவதற்கு எதற்காகக் குளிக்க வேண்டும் என்று சண்டைக்கு நின்றார்கள். அவள் அசையவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிட்டார்கள். தேய்க்கத் தேய்க்க அதுவும் விளையாட்டாகிவிட்டது.

அப்போது வந்து நின்றார் லட்சுமியம்மாள், கொளஞ்சியப்பனின் மனைவி. அதுவரை அந்தப் பக்கமே தலைகாட்டாதவர். அங்கே என்னதான் கூத்து நடக்கிறது என்று பார்க்க வந்தவர் போல இருந்தது முகம். ஆனால் கக்கத்தில் துண்டு இருந்தது. நெற்றிப்பொட்டு இரண்டிலும் எண்ணெய் வழிந்தது. நேரே உள்ளே நடந்தவரைச் சாமியம்மாள் எழுந்து மறித்தாள். முதுகு தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னியா நிறுத்தற? இது என் வூட்டுக் கொளம்."

"தண்ணிக்கு அது தெரியாதுக்கா," என்றாள் சாமியம்மாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னாள்.

லட்சுமியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கல்லில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். சாமியம்மாளே தேய்த்துவிட்டாள். பயத்தில் கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்துவிட்டாள்.

குளத்தில் அரைமணி நேரம் படியைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு சாமியம்மாளின் கையைப் பிடித்தார். பிறகு, மல்லாந்து படுத்தால் தண்ணீரே தாங்கும் என்று அவள் சொன்னதை எப்படித்தான் நம்பினாரோ, படுத்துவிட்டார். காது தண்ணீருக்குள் இருந்தது, முகம் வானத்தைப் பார்த்தது. ஐம்பத்தொரு வயதில் கனம் என்பதே இல்லாமல் கிடந்தார். தாங்கிய கையைச் சாமியம்மாள் எப்போதோ எடுத்துவிட்டாள், அது அவருக்குத் தெரியாது.

பதினோரு மணிக்குக் கொளஞ்சியப்பன் வாசலில் நின்றார். பெண்கள் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சம், பார்க்காமலும் முடியாது. ஒவ்வொருத்தியும் வேண்டுமென்றே அவர் முன்னால் நின்று கண்ணை உருட்டி விழித்துவிட்டுப் போனாள். முப்பத்தொன்பது பேர் கண்ணும் வெள்ளை வெளேரென்று இருந்தது. சாமியம்மாளுக்கு மனசு துள்ளியது.

கடைசியாக லட்சுமியம்மாள் வந்தார். இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம்.

கொளஞ்சியப்பன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். சாமியம்மாளுக்கு உயிரே போய்விட்டது. எல்லார் முன்னாலும் மறித்து, கல்லில் உட்காரவைத்து, அழுத்தித் தேய்த்த பெண்ணுக்கு இந்த முதலாளியம்மா எதற்காக நல்லது சொல்ல வேண்டும்?

லட்சுமியம்மாள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு பலகைய பாக்கறீங்க? இது சீயக்கா. இந்தப் பொண்ணு தேச்ச தேய்ப்புல தண்ணிக்கு முன்னாடியே செவந்துடுச்சி. சீயக்கா பட்டா யார் கண்ணுதான் செவக்காது? தண்ணி சுத்தமா கீது. உள்ளாற கண்ணத் தொறந்து பாத்தேன், ஒங்க நீலக் கல்லு ஒண்ணொண்ணா எண்ணலாம்." கொஞ்சம் நிறுத்தி, சாமியம்மாள் பக்கம் திரும்பினார். "அடுத்த வெள்ளி சீயக்காய கொஞ்சம் பாத்து போடு. நாயித்துக்கெழம இவரையும் இப்படியே தேச்சிதான் எறக்கணும், சொல்லிட்டேன்."

சாமியம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மறைக்காமல் இரண்டையும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசல் பலகையில் பெயிண்ட் ஈரம் காயவில்லை. வெள்ளி காலை பெண்களுக்கு என்பது மற்ற வரிகளைவிடத் தடித்த எழுத்தில் இருந்தது. அதன்கீழே 'குளித்துவிட்டுக் குளிக்க வரவும்' என்று ஒரு புது வரி. அதை எழுதிய கொளஞ்சியப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தார். குழாயடியில் சாமியம்மாள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், குழாயைத் திறந்து சோப்பை எடுத்தார். ஒரு தரம் தேய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"போதுமா?"

"கழுத்துக்குப் பின்னாடி இன்னம் அழுக்கு கீதுண்ணா," என்றாள் சாமியம்மாள்.

அவர் மறுபடியும் குனிந்தார்.